சட்டையைப் பிடித்தவுடன் நான் ஏன் உட்கார்ந்தேன்?

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். வயது 29. பதினாறு மாதமாக ஜியு ஜிட்சு (குத்து இல்லாமல், பிடித்து மடக்கும் பிரேசிலியத் தரைச் சண்டை) கற்கிறேன். வாரத்துக்கு நான்கு வகுப்பு. சமீபத்தில்தான் வெள்ளைக்கு அடுத்த புளூ பெல்ட் கிடைத்தது, பெங்களூருவில் ஒரு போட்டியில் வெண்கலமும் வாங்கினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டப வாசலில் வண்டி நிறுத்துவதில் தகராறு. நானும் இரண்டு வார்த்தை விட்டேன். ஒருவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். யோசிக்கவே இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அவனைக் கால்களுக்கு நடுவே இழுத்துவிட்டேன். சிமென்ட் விளிம்பில் பின்மண்டை இடித்தது. ஸ்வீப் செய்ய முயன்றுகொண்டிருக்கும்போதே அவன் நண்பன் ஓடிவந்து விலாவில் உதைத்தான். மண்டபத்து ஆட்கள் பிரித்துவிட்டார்கள். மூன்று தையல். எல்லாம் என் தங்கை கண்முன்னால். "அது விளையாட்டுப்பா, தெருவில் எடுபடாது" என்கிறார் அலுவலக நண்பர். அவர் சொல்லும் "நிஜச் சண்டை" வகுப்பு மூன்று மாதம், 18,000 ரூபாய். கத்தி, துப்பாக்கி பிடுங்குவதுகூடக் கற்றுத் தருவார்களாம். ஜியு ஜிட்சுவை விட்டுவிடலாமா? தங்கையும் ஏதாவது கற்க வேண்டும் என்கிறாள், அவளை எதில் சேர்ப்பது? – பெயர் வேண்டாம், கோவை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மண்டை. ஜியு ஜிட்சு அப்புறம். தையல் பிரித்திருப்பார்கள், வெளிக்காயம் ஆறியிருக்கும். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, தூக்கம் கெடுவது, சொன்னதை மறப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி மேட்டில் (விரிப்பில்) கால் வைக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவர் சரி என்று சொல்லும்வரை ரோல் (பயிற்சி மல்லுக்கட்டு) செய்ய வேண்டாம். மூளை முதல் குலுக்கலிலிருந்து மீள்வதற்குள் இரண்டாவது அடி வாங்குவதுதான் ஆபத்து. இதை என் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, ஒருவரும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

சரி, இப்போது விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த சொல் "யோசிக்கவே இல்லை" என்பது. பயிற்சி வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் யாரோ ஒருவர் உங்கள் சட்டையைப் பிடிக்கிறார், நீங்கள் உட்காருகிறீர்கள். பதினாறு மாதத்தில் ஆயிரம் முறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். ஆயிரத்து ஒன்றாவது முறை மண்டப வாசலில் நடந்தது, அவ்வளவுதான். அடி, கூச்சல், தங்கை அருகில் நிற்கும் பதற்றம், இத்தனைக்கும் நடுவில் உடம்பு தான் கற்றதைப் பிசகாமல் செய்தது. செய்தது தப்பு. ஆனால் அந்தத் தப்பைக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும்.

ஜியு ஜிட்சு தெரியாத வாசகர்களுக்காக: மல்லாந்தோ உட்கார்ந்தோ இருந்துகொண்டு எதிராளியைக் கால்களால் கட்டுப்படுத்தும் நிலைக்கு கார்ட் என்று பெயர். அங்கிருந்து அவனைப் புரட்டி மேலே வருவது ஸ்வீப். போட்டியில் எதிராளியைக் கீழே தள்ளினால் 2 புள்ளி, ஸ்வீப்புக்கு 2, வயிற்றில் முழங்காலை ஊன்றினால் 2, அவன் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமுக்கினால் 3, மேலே ஏறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. சரி, எதிராளியைப் பிடித்துக்கொண்டு நீங்களாகவே தரையில் உட்கார்ந்தால்? அபராதம் இல்லை, எதிராளிக்கும் புள்ளி இல்லை. புளூ பெல்ட்டுக்கு ஆட்ட நேரம் 6 நிமிடம். நின்றபடி மல்லுக்கட்டி, தள்ளப்பட்டு 2 புள்ளி இழப்பதைவிட உட்கார்ந்துவிடுவது லாபம். கணக்கு தெரிந்தவர்கள் எல்லோரும் உட்காருகிறார்கள். உட்கார்ந்தவர்கள் ஜெயிக்கிறார்கள். ஜெயிப்பதைக் கோச்கள் சொல்லித் தருகிறார்கள். நீங்கள் போய் உட்கார்ந்தது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. (அபுதாபியில் 1998-இல் தொடங்கிய ஏடிசிசி போட்டியில் புள்ளி எண்ணும் நேரத்தில் இப்படி உட்கார்ந்தால் ஒரு புள்ளி போய்விடும். அங்கே நின்றபடி மோதுவது எவ்வளவு அதிகம் என்று பார்த்தாலே, ஒரு சின்ன விதி என்ன செய்யும் என்பது தெரியும்.)

அதே பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மேலே ஏறி உட்கார்ந்தால் ஏன் 4? அங்கிருந்து நான் உங்கள் முகத்தில் குத்தலாம், நீங்கள் என்னைக் குத்த முடியாது. முதுகைப் பிடித்தால் ஏன் 4? என் கை உங்கள் கழுத்தில் இருக்கிறது, உங்கள் கைக்கு நான் எட்டவே மாட்டேன். போட்டியில் குத்தே கிடையாது, ஆனால் புள்ளிகள் குத்தை மனதில் வைத்துப் போடப்பட்டவை. சண்டை தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. ஓட்டை ஒரே இடத்தில், அந்த உட்காரும் இடத்தில்.

எழுதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலில் கால் வைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பணத்துக்குச் சவால் சண்டை போட்டவர். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி வழியாக வித்தை அவர் குடும்பத்துக்குப் போனது. தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். பலசாலி மேலே விழுந்து அமுக்கிக் குத்தும்போது கீழே கிடப்பவன் எப்படிப் பிழைப்பது என்பதுதான் அவருக்கு வாழ்நாள் கேள்வி. கார்ட் வளர்ந்தது அந்தக் கேள்வியிலிருந்து. கவனியுங்கள், கீழே தள்ளப்பட்டவனுக்காக வளர்ந்த வித்தை அது. தானே போய்ப் படுக்க யாரும் சொல்லவில்லை. 1967-இல் ரியோ பக்கம் கூட்டமைப்பு ஒன்று வந்து விதிகள் எழுதப்பட்டன. 1996-இல் உலகப் போட்டி. அதன்பின் மேட், நடுவர், எடைப் பிரிவு, பதக்கம் என்று விளையாட்டு தன் போக்கில் வளர்ந்தது. இன்றைய வீரர்கள் எதிராளியின் கீழே தலைகீழாக உருண்டு முதுகுப் பக்கம் முளைப்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான், ராத்திரி கண்விழித்துப் பார்ப்பேன். தார் ரோட்டில் அதைச் செய்பவன் தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருப்பான்.

ஆக, விளையாட்டு ஒன்று, நிஜம் வேறு, நண்பர் சொன்னது சரிதானே என்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் அந்த வகுப்பில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள்.

1882-இல் டோக்கியோவில் கானோ ஜிகோரோ கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அங்கே பழைய ஜுஜுட்சு பள்ளிகள் நிறைய இருந்தன. கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது, உயிர்நிலையில் அடிப்பது எல்லாம் கற்றுத் தந்தார்கள். ஆனால் நண்பன் கண்ணை எப்படிக் குத்திப் பழகுவது? "நீ இப்படி வா, நான் இப்படிச் செய்கிறேன், நீ விழு" என்று ஒத்திகைதான் பார்க்க முடியும். கானோ ஆபத்தான நுட்பங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை முழு பலத்தோடு, எதிராளி விடாமல் முரண்டு பிடிக்க, தினமும் பழகச் சொன்னார். ஆபத்தைக் குறைத்ததால் பயிற்சி நிஜமானது. கேட்க முரணாக இருக்கும். பத்து வருடம் கண் குத்து ஒத்திகை பார்த்தவனைவிட, ஒரு வருடம் முரண்டு பிடிக்கும் ஆட்களோடு உருண்டவனுக்கு உடம்பு தெரியும். நம்மூரிலும் இதைப் பார்க்கலாம். "தொட்டால் சுருண்டு விழுவான்" என்று வர்மத்தைப் பற்றி நீட்டி முழக்குகிறவர்கள் உண்டு, மண்ணில் புரண்டு எழுந்த மல்யுத்தக்காரன் உண்டு. இருட்டில் நடக்கும்போது பக்கத்தில் யார் வேண்டும் என்று கேட்டால் நான் மண் ஒட்டிய ஆளைத்தான் கூப்பிடுவேன்.

அதனால் அந்த மூன்று மாத வகுப்பில் சேருமுன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அங்கே யாராவது தோற்கிறார்களா? பிடித்தவன் விடாமல் பிடிக்கிறானா, இல்லை மாஸ்டர் கை வைத்ததும் ஆட்டம் முடிந்ததென்று தானாகச் சாய்கிறானா? ஒருவரும் தோற்காத வகுப்பில் ஒருவரும் கற்பதில்லை. துப்பாக்கி பிடுங்குவது பற்றி எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கோவையில் உங்களை யாரும் துப்பாக்கியோடு மறிக்கப் போவதில்லை. கத்தியில் சிரிக்க ஒன்றுமில்லை. கத்தி காட்டி போன் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கொடுத்தும் போகவில்லை என்றால் ஓடுங்கள். நான் இருபது வருடமாக இதில் இருக்கிறேன், நானும் ஓடுவேன். ரப்பர் கத்தியில் மைதடவி நண்பரை நிஜமாகக் குத்தச் சொல்லுங்கள், வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். அரை நிமிடம் கழித்துப் பனியனைப் பார்த்தால் ஏன் ஓடச் சொல்கிறேன் என்று புரியும்.

மறுபக்கம், ஜியு ஜிட்சுக்காரர்கள் மார்தட்டும் கதை ஒன்று உண்டு. 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர். எந்த வித்தைக்காரரும் மோதலாம் என்ற கூண்டுச் சண்டைப் போட்டியான யுஎஃப்சி, முதல் முறை. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, எண்பது கிலோ சொச்சம், ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். உலகம் முழுக்க ஜியு ஜிட்சு பரவியதற்கு அந்த இரவு பெரிய காரணம். ஆனால் அதே இரவின் முதல் சண்டையையும் பாருங்கள். டெய்லா டுலி என்ற மாபெரும் சுமோ வீரர் பாய்ந்து வந்து, நிலைதடுமாறி வலையோரம் விழுந்தார். எதிரே நின்ற ஜெரார்ட் கோர்டோ முகத்தில் ஓர் உதை விட்டார், பல் பறந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. நிற்பவனின் கால் உயரத்தில் கீழே கிடப்பவனின் தலை இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த முதல் காட்சியிலேயே இருக்கிறது. உங்கள் விலாவுக்கு விழுந்த உதை கொஞ்சம் மேலே விழுந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். கோர்டோவை ராய்ஸ் கடைசிச் சண்டையில் கழுத்தை நெரித்து வென்றார், அதற்குள் கோர்டோ அவர் காதைக் கடித்துவிட்டார். கடிக்கக் கூடாது என்று அங்கேயும் விதி இருந்தது! ராய்ஸ் வென்ற இடத்தில் தரை மெத்தை, எதிரே ஒரே ஒரு ஆள், சுற்றி வலை, டாக்டர், நடுவர். உங்களுக்கு இருந்தது சிமென்ட் விளிம்பும் கோர்டோவின் வேலையைச் செய்ய ஓடிவந்த நண்பனும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ, ஜப்பானின் மசாஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா அவரைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிந்தார். விரிப்பு மெத்தென்று இருந்ததால் எறிந்தும் பெரிதாகப் பலன் இல்லை என்று பின்னாளில் கிமுராவே எழுதினார். கடைசியில் கையை முறுக்கித்தான் வென்றார், அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றே பெயர். மெத்தையில் பலன் தராத எறிதல் சிமென்ட்டில் ஆளைக் கொல்லும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மதுரை பஸ் ஸ்டாண்ட். 2006. அப்போது எனக்கு ஜூடோ மட்டும்தான் தெரியும், வயது இருபத்திரண்டு. ஒருவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான், நான் தோளில் ஏற்றி வீசினேன். அழகான வீச்சு, போட்டியில் அப்படி ஒன்று எனக்கு அமைந்ததே இல்லை. மேட்டில் விழுகிறவனுக்கு விழத் தெரியும், கையைத் தட்டி அடியைச் சிதறவிடுவான். பாவம், அவனுக்குத் தெரியாது. காறையெலும்பு முறிந்தது. ராத்திரி இரண்டு மணிவரை காவல் நிலையத்தில் அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியச் செலவைக் கொடுத்துச் சமாதானமாகப் போனோம். ஊர் போய்ச் சேரும்வரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்று எனக்குத் தெரியாத ஒன்று: எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ சட்டத்தில் அது கொடுங்காயம். அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116. வேண்டுமென்றே விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. ஜியு ஜிட்சுவில் நாம் கற்பதில் பாதி, மூட்டை விலக்குவதும் எலும்பை முறிப்பதும்தானே. வகுப்பில் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவார் (டேப்), விட்டுவிடுவோம். தெருவில் தட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, கை முறிந்த பிறகுதான் கத்துவான். தற்காப்புரிமை இருக்கிறது, 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைத்தான் பேசுகின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் அந்த உரிமை வெகுதூரம் போகும். ஆனால் தேவைக்கு மேல் காயம் விளைவிக்க அது இடம் தராது. சட்டையைப் பிடித்தவனின் முழங்கையை ஒடித்துவிட்டு, தேவை இருந்தது என்று நீதிமன்றத்தில் காட்டுவது கஷ்டம். முதுகுக்குப் பின்னால் போய் இறுக்கிப் பிடித்து அசையாமல் நிறுத்தினால் காட்ட வேண்டியதே இல்லை. கழுத்துப் பிடியில் எலும்பு முறியாது என்று அதை லேசாக எண்ணிவிட வேண்டாம். சரியாக விழுந்தால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் ஆள் மயங்கிவிடுவான், மயங்கிய பின்னும் விடாமல் இறுக்கினால் செத்துப்போவான். உயிர் போகும் ஆபத்து உங்களுக்கு இல்லாதபோது அதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள். "நானும் இரண்டு வார்த்தை விட்டேன்." தம்பி, தற்காப்பு அங்கே ஆரம்பித்திருக்க வேண்டும். வண்டியை இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தியிருந்தால் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். புளூ பெல்ட் கிடைத்த முதல் மாதங்களில் வாய் கொஞ்சம் நீளும், எனக்கும் நீண்டது. வாய்ச்சண்டை ஆரம்பித்துவிட்டால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து, "சரிங்ண்ணா, விடுங்க, நான் வண்டிய எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் வாருங்கள். பார்ப்பவர்களுக்கு நீங்கள் சமாதானம் பேசுவதாகத் தெரியும், உங்கள் கைகளோ உங்கள் முகத்துக்கும் அவன் கைக்கும் நடுவில் இருக்கும். அவனோடு யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை. நம் ஊரில் கல்யாணத்துக்கு யாரும் தனியாக வருவதில்லை.

சரி, மேட்டில் என்ன மாற்றுவது? ஜியு ஜிட்சுவை விட வேண்டாம். வகுப்பை மாற்ற வேண்டாம். ஜெயிப்பது என்றால் என்ன என்பதை மட்டும் வாரத்தில் ஒருநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் ரோலில் நீங்களாக உட்காரக் கூடாது. தள்ளினால் விழுங்கள், நீங்களாக வேண்டாம். முதல் மூன்று வாரம் எல்லோரிடமும் தோற்பீர்கள், வெள்ளை பெல்ட்டுகள் உங்களைத் தள்ளிச் சிரிப்பார்கள். அக்குளுக்குள் கை நுழைத்து நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நிற்பது, அங்கிருந்து முதுகுக்குப் பின்னால் போவது, இந்த இரண்டும் பழகினால் போதும். சட்டையைப் பிடித்து உலுக்கும் ஆளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அப்புறம் குத்து. நண்பர் மேலே, நீங்கள் கார்டில். அவர் திறந்த கையால் உங்கள் முகத்தில் தட்டலாம், மெதுவாகத்தான். போட்டிக்குப் பழகிய அழகான திறந்த கார்டில் கன்னத்தில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தலையைக் கட்டி இழுத்து ஒட்டிக்கொண்டால் விழாது, இடுப்பில் பாதம் ஊன்றித் தள்ளி வைத்தாலும் விழாது. நடுத்தூரம்தான் அடி வாங்கும் தூரம், போட்டி ஜியு ஜிட்சு பெரும்பாலும் குடியிருப்பது அங்கேதான். இந்த ரவுண்டில் ஸ்வீப்புக்கோ டேப்புக்கோ மதிப்பில்லை. எழுந்து நின்றால் வெற்றி. ஒரு கையை ஊன்றி, மறு கையால் முகத்தை மறைத்து, ஒரு காலால் அவனைத் தள்ளி, மறு காலைப் பின்னால் இழுத்து எழும் அந்தப் பழைய அடிப்படை எழுச்சி உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். கடைசியாக எப்போது செய்தீர்கள்?

மூன்றாவது ஆள்தான் எனக்குப் பிடித்த ரவுண்ட். இரண்டு பேர் உருளும்போது மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியே நிற்பார். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டோம், பத்து விநாடியிலும் வரலாம், ஒரு நிமிடம் கழித்தும் வரலாம். அவர் வந்து முதுகைத் தொடுவதற்குள் நீங்கள் எழுந்து கதவைத் தாண்ட வேண்டும். எவ்வளவு நல்ல பிடி கிடைத்தாலும் விட்டுவிட்டு எழுவது எத்தனை கஷ்டம் என்று அப்போது தெரியும். பதினாறு மாதமாக நாம் பழகுவது பிடியை விடாமல் இருக்கத்தானே.

போட்டிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். முன்பின் தெரியாத ஆள், உங்களை அமுக்கியே தீருவது என்ற முடிவோடு எதிரே நிற்கும் அனுபவம் வேறு எங்கும் காசுக்குக் கிடைக்காது. வயிறு கலங்குவது, முன்னங்கை மரத்துப்போவது, கோச் கத்துவது காதில் விழாமல் போவது எல்லாம் அங்கே பழகுகிறது. மண்டப வாசலில் உங்கள் உடம்பு உறைந்து நிற்கவில்லையே, பெங்களூரு வெண்கலத்துக்கு அதில் பங்கு இருக்கிறது.

இப்போது தங்கை. நீங்கள் கடுப்பில் இருக்கும் அந்த கார்ட்தான் அவருக்கு முதல் பாடம். உங்களுக்கு நடந்தது வெட்டவெளியில், இரண்டு ஆண்களின் வீம்புச் சண்டை. பெண்களுக்கு நேரும் தாக்குதலில் தாக்குபவன் பலமுறை தெரிந்தவனாகவே இருக்கிறான், இடம் நான்கு சுவருக்குள் இருக்கிறது. மணிக்கட்டைப் பிடிப்பது, முடியைப் பிடிப்பது, கீழே தள்ளி மேலே அமுக்குவது. தன்னைவிட இருபது கிலோ கனமானவன் மேலே கிடக்கும்போது மூச்சுத் திணறாமல், இடுப்பைத் திருப்பி, முழங்காலை நடுவில் நுழைத்து, தள்ளி எழுவதை ஜியு ஜிட்சு அளவுக்குத் தினசரிப் பாடமாக வைத்திருக்கும் வித்தையை நான் பார்க்கவில்லை. முதல் மாதம் அவருக்குக் கற்பது கம்மியாக இருக்கும், அந்த எடைக்குப் பயப்படாமல் இருப்பது மட்டும்தான். அது வந்துவிட்டால் பாதி வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லிச் சேர்க்காதீர்கள். எடை முக்கியமில்லை, நுட்பம் போதும் என்பது விளம்பரம். உலகப் போட்டியில் எடைப் பிரிவு வைத்திருப்பது சும்மா இல்லை. ராய்ஸ் அன்று தன்னைவிடக் கனமானவர்களை வென்றபோது எதிரே நின்ற மூவரில் இருவருக்குத் தரைச் சண்டை சரியாகத் தெரியாது என்பதும் உண்மை.

இடம் பார்க்கும்போது அவரோடு நீங்களும் போங்கள், பேசுவதை அவர் பேசட்டும். வேறு பெண்கள் வருகிறார்களா, எத்தனை மாதமாக வருகிறார்கள்? உடை மாற்றத் தனி அறை உண்டா? ஒருவரோடு ரோல் செய்ய விருப்பமில்லை என்றால் காரணம் சொல்லாமல் மறுக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மாஸ்டர் முகம் சுளித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உங்கள் கோச்சிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். மண்டப வாசல் கதையை அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். "மாஸ்டர், வெள்ளிக்கிழமை கிளாஸ் முடிஞ்சப்புறம் அரை மணி நேரம் சுவரோரமா, கீ (பயிற்சி உடை) இல்லாம, சாதாரண சட்டையில பழகிக்கலாமா?" என்று கேளுங்கள். நான் அறிந்த கோச்களில் பெரும்பாலோர் இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். இரண்டு பேரைக் கூடச் சேர்த்துக்கொண்டு போங்கள், மூன்றாவது ஆளுக்கு வேண்டியிருக்கும். சட்டை கிழியும், பட்டன் தெறிக்கும். பழையதாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.